கதவுக்கு ஒரு ராசி

போன வாரம், கேரள எல்லைக்குள் இருக்கிற எங்கள் கொழிஞ்சாம்பாறை டாக்சி ஸ்டாண்டில் ஒரு காட்சி. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் மஞ்சள் பை... பார்த்தாலே கல்யாண வீட்டுக்காரர் என்று தெரிந்தது. வரிசையாக நின்ற அம்பாசடர் கார்களின் பின்கதவை ஒவ்வொன்றாகத் தட்டி, காதை வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தார். சந்தையில் தேங்காய் வாங்குகிறவர் மாதிரி. தட்டுவது, கேட்பது, உதட்டைப் பிதுக்குவது, அடுத்த காருக்குப் போவது.

பொள்ளாச்சி பஸ்ஸின் கண்டக்டர், ஊருக்குப் புதியவர், என்னிடம் மெதுவாகக் கேட்டார். "ஏனுங்க, அந்தப் பெரியவருக்கு உடம்புக்கு ஏதாவது...?"

அவருக்கு ஒன்றுமில்லை. எங்கள் ஊருக்குத்தான் கொஞ்ச நாளாக இப்படி.

எப்படி வந்தது இந்த வியாதி? அதைச் சொல்வதற்கு முன் ராசியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்குக் கார் பிடிக்கிறவர்கள் எஞ்சினைப் பார்க்க மாட்டார்கள். டயரைப் பார்க்க மாட்டார்கள். ராசியைப் பார்ப்பார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்திருக்கும்போது ஒரு கார் வழியில் நின்றுவிட்டதா? தீர்ந்தது. அப்புறம் அந்தக் காரில் வாழைத்தார்தான் ஏறும். 'மாட்டுக்குச் சுழி, காருக்கு ராசி' — இது எங்கள் ஸ்டாண்டில் முளைத்த பழமொழி. வயசு கம்மிதான், ஆனால் பழமொழிகளில் இளசு கிழசு என்று நான் பேதம் பார்ப்பதில்லை.

எங்கள் ஸ்டாண்டு டிரைவர் மயிலுசாமியின் காருக்கு ராசி குறைவு என்று யாரும் சொன்னதில்லை. அதற்குப் பாட்டு இல்லை, அவ்வளவுதான். அதே ஸ்டாண்டில் காளியப்பன் என்று இன்னொரு டிரைவர். அவருடைய மச்சான் துபாயிலிருந்து ஒரு கேசட் பிளேயர் கொண்டுவந்தார். அதை டேஷ்போர்டுக்கு அடியில் மாட்டி, பின்கதவு இரண்டிலும் ஸ்பீக்கர் வைத்தார் காளியப்பன். நாதஸ்வரக் கேசட்டைப் போட்டால் மேளக்காரர்கள் கதவுக்குள் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி இருக்கும். கல்யாண வீட்டுக்காரர்கள் விடுவார்களா? எல்லோரும் காளியப்பனிடம் போனார்கள்.

"ஏனுங்ண்ணா, ஆவணியிலிருந்து ஒரு கண்ணால ஓட்டங்கூட இல்லீங்க" என்று மயிலுசாமி என்னிடம் புலம்பினார். "ஆஸ்பத்திரிக்கும் எழவு ஊட்டுக்குந்தான் ஓட்டீட்டிருக்கறேன். இப்படியே போனா நம்ம வண்டி நின்னாவே சனம் நாடி புடிச்சுப் பார்க்குமுங்க."

கடைசியில் அவரும் ஒரு பழைய பிளேயரைத் தேடிப் பிடித்துவிட்டார். ஸ்பீக்கர் மாட்ட எங்கள் கடைவீதியில் ரேடியோ ரிப்பேர் செய்கிற தங்கப்பன் வந்தார். பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூர்க்காரர். தமிழும் மலையாளமும் அவர் வாயில் ஒரே டம்ளரில் வரும். எந்த ரேடியோவைப் பிரித்தாலும் மூடும்போது நாலைந்து ஸ்க்ரூ மிச்சம் வைப்பார். "கம்பெனிக்காரன் கூடுதல் போட்டுட்டான்" என்பார்.

வேடிக்கை பார்க்க நானும் போனேன். கதவின் கைப்பிடியைக் கழற்றினார்கள். ரெக்சின் ஒட்டிய அட்டையைப் பெயர்த்தார்கள். பால்பவுடர் டப்பாவின் மூடியை வைத்து வட்டம் போட்டு, ஆக்ஸா பிளேடால் தங்கப்பன் அறுக்க ஆரம்பித்தார். கிரீச் கிரீச்சென்று ஒவ்வொரு இழுப்புக்கும் மயிலுசாமியின் முகம் சுருங்கியது.

"மெல்லங்க... அது கதவுங்க. பலாப்பழமல்ல."

"நீ மிண்டாதே, சும்மா இரு மயிலு. ஓட்டை போடாமெ பாட்டு எதிலெ வரும்?"

ஓட்டை வந்தது. ஸ்பீக்கர் உட்கார்ந்தது. மயிலுசாமி ஆசையோடு கண்ணாடியை இறக்கினார். பாதியில் நின்றுவிட்டது! ஸ்பீக்கரின் முதுகில் இருக்கிற காந்தம், கண்ணாடி இறங்குகிற வழியில் குண்டாக உட்கார்ந்திருந்தது.

"பாட்டு வேணுமோ, காத்து வேணுமோ?" என்றார் தங்கப்பன்.

"ரெண்டும் வேணுங்க. பொண்ணுக்கு வேர்த்து ஊத்துனா எவனுங்க கார் புடிப்பான்?"

தங்கப்பன் தலையைச் சொறிந்தார். மூணாறிலிருந்து வந்த தேயிலைப் பெட்டி ஒன்று கடையில் கிடந்தது. அதன் பலகையை வளையமாக அறுத்து, கதவுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் கொடுத்தார். ஸ்பீக்கர் வெளியே தள்ளிக்கொண்டு வந்தது — பல்வலிக்காரன் கன்னம் மாதிரி. ஆனால் கண்ணாடி முழுசாக இறங்கியது. இந்தக் கழற்றல் மாட்டலில், கண்ணாடி இறங்குகிற சந்தில் இருந்த பழைய ரப்பர் பட்டை தூள் தூளாக உதிர்ந்துவிட்டது. சந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

"அது மழைக்காலத்துக்குள்ளே மாத்தாம், அவசரமில்லே" என்றார் தங்கப்பன்.

தை மாதத்தில் முதல் கல்யாண ஓட்டம் வந்தது. என் அடுத்த வீட்டுப் பையன் நடராஜனுக்குப் பொள்ளாச்சிப் பக்கம் பெண். மாப்பிள்ளையின் அக்கா ராமாத்தாள்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறவர். மணமக்களுக்கு மயிலுசாமியின் காரைச் சொல்லலாமே என்று நான் மெல்லப் போட்டுவைத்தேன்.

"சொல்றீங்க, சரிங்ண்ணா. ஆனா ஞாயித்துக்கெழமை, சாயங்காலம் ராகு காலம். அதுக்குள்ள பொண்ணு நம்மூட்டுக்குள்ள கால் வெக்கோணும். வெக்கலைன்னா உங்களையும் உடமாட்டேன், அந்த மயிலையும் உடமாட்டேன்."

சொந்தக்காரர்களை ஏற்றக் காளியப்பனின் காரும் கூட வந்தது. அவர் முகத்தில் ஒரு சிரிப்பு. 'பார்க்கலாம்' என்கிற சிரிப்பு.

முகூர்த்தம் ஆனது, சாப்பாடு ஆனது. மணமக்களைக் காரில் ஏற்றினோம். அக்கா ஒரு கதவோரம், மாப்பிள்ளை நடுவில், பெண் விஜயா இடதுபக்கக் கதவோரம். முன்னால் நானும் மயிலுசாமியும். கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு நாதஸ்வரத்தைப் போட்டார் பாருங்கள்... மண்டபமே கதவைச் சுற்றிக்கொண்டது. கதவு பாடுவதை அந்த ஊர்க்காரர்கள் பார்த்ததில்லை. பந்தியில் இருந்துவிட்டுத் தாலி கட்டும்போது கோட்டைவிட்டவர்கள் எல்லாம், இலைக்கு முன்னால் விட்டதை ஜன்னலில் பிடித்தார்கள். கைகொள்ளாத அட்சதை அள்ளி அள்ளிப் போட்டார்கள். பாட்டு ஒரு பக்கம், வாழ்த்து ஒரு பக்கம். மயிலுசாமி சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார்.

அந்தக் காலர் ரொம்ப நேரம் நிற்கவில்லை. தவில் ஓங்கி அடிக்கும்போதெல்லாம் இடதுபக்கக் கதவிலிருந்து 'சர்ர்... சர்ர்...' என்று ஒரு சத்தம்.

"ஏப்பா மயிலு, உன்ற கதவு என்னமோ அப்பளம் பொரிக்குது?" என்றார் ராமாத்தாள்.

மயிலுசாமி என் பக்கம் சாய்ந்து, "ஸ்பீக்கர் கிழிஞ்சு போச்சாட்ட இருக்குதுங்ண்ணா" என்றார். குரலே கிழிந்துதான் வந்தது.

இப்படிப் பொரித்துக்கொண்டே எல்லைச் செக்போஸ்ட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

தமிழ்நாட்டு அரிசி கேரளத்துக்குள் போகக்கூடாது என்று சட்டம் இருக்கிறது; உங்களுக்குத் தெரியாததல்ல. சட்டம் பாய்க்கு அடியில் நுழைந்தால் சனம் கோலத்துக்கு அடியில் நுழையுமே... ஸ்டெப்னிக்குள், சீட்டுக்கடியில், இடுப்பில் சுற்றிய பைக்குள் என்று அரிசி போகாத வழியில்லை. அன்றைக்கு நின்ற ஆபீசர் புதிதாக மாற்றலாகி வந்தவர். திருநெல்வேலிப் பேச்சு. காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். புத்தம்புது ஸ்க்ரூக்கள், புடைத்த கதவு. நின்றுவிட்டார்.

"கதவுக்குள்ள என்னத்த வச்சிருக்கீரு?"

"ஸ்பீக்கருங்க சார். பாட்டுங்க."

"நேத்து ஒருத்தன் ஸ்டெப்னி நெறைய அரிசி வச்சிருந்தான். அவனும் காத்துன்னுதான் சொன்னான்."

சொல்லிக்கொண்டே இடதுபக்கக் கதவைத் திறந்து ஓர் ஆட்டு ஆட்டினார்.

சலசல.

அரிசிச் சத்தத்துக்குச் சாட்சி வேண்டுமா? பிறந்ததிலிருந்து முறத்தில் கேட்கிற சத்தம்தானே. ஆபீசர் மயிலுசாமியைப் பார்த்தார். மயிலுசாமி என்னைப் பார்த்தார். நான் ஸ்பீக்கரைப் பார்த்தேன். மாப்பிள்ளை மட்டும், யாரைப் பார்ப்பதென்று தெரியாமல், கழுத்து மாலையைப் பார்த்தார்.

"பழனியாண்டவன் மேல சத்தியமுங்க சார், நானு ஒண்ணும் வெக்கலீங்க."

"நீரு வைக்கல, சரி. அதுவா ஏறி உக்காந்துச்சோ? கழத்தும்."

மயிலுசாமி ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். தங்கப்பன் மற்ற இடத்தில் மிச்சம் பிடித்த ஸ்க்ரூவையெல்லாம் இந்தக் கதவில் போட்டுவிட்டிருந்தார் போல. ஒன்று வந்தால் இன்னொன்று வர மறுத்தது. வெயில் வேறு சாய்ந்துகொண்டிருந்தது. நானும் பக்கத்தில் நின்று வேர்த்தேன். எள்ளுதான் எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை என்னத்துக்குக் காயுது?

அந்த நேரம் பார்த்துக் காளியப்பனின் கார் பின்னால் வந்தது. சோதனை முடிந்து, எங்கள் பக்கத்தில் ஒதுங்கி நின்றது.

"ஏனுங்க்கா, ராகு காலம் நெருங்குதுங்க" என்றார் காளியப்பன், ரொம்பப் பணிவாக. "பொண்ணு மாப்பிள்ளைய நம்ம வண்டிக்கு மாத்தீரலாமுங்களா?"

மயிலுசாமி தலை நிமிரவில்லை. ஸ்க்ரூ டிரைவர் மட்டும் நழுவியது. மணமக்கள் பாதி வழியில் இறங்கி மாறின கார் என்று பெயர் வந்தால், அப்புறம் பாட்டு என்ன, கதவுக்குள் கச்சேரியே வைத்தாலும் யாரும் ஏற மாட்டார்கள். அது அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும். காளியப்பனுக்கு எங்கள் இரண்டு பேரையும்விட நன்றாகத் தெரியும்.

ராமாத்தாள் ஒரு காலைக் கீழே வைத்துவிட்டார். "எறங்கு கண்ணு. நேரமாச்சு."

பெண் இறங்கவில்லை.

"நங்கையா..." என்றாள். நாத்தனாரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். காலையிலிருந்து அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது. "அது நம்ம அரிசிதானுங்க."

ராமாத்தாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "நம்ம அரிசியா? அடிப் பாவி, சீரோட அரிசியுங் குடுத்து உட்டாங்களா?"

"இல்லீங்க நங்கையா. எங்க மேல போட்ட அட்சதைங்க. பாதி எங்க மேல உழுந்துச்சு. பாதி அந்தக் கண்ணாடிச் சந்துக்குள்ள போயிருச்சு. நானு அப்பவே பாத்தனுங்க."

"பாத்தவ அப்பவே சொல்றதுக்கென்ன?"

"ஊடு போய்ச் சேர்ற வரைக்கும் புதுப்பொண்ணு வாயத் தொறக்கப்படாதுன்னு அம்மா சொல்லீருந்தாங்க."

அப்போது கடைசி ஸ்க்ரூ கழன்றது. ஆபீசர் குனிந்து அட்டையை விலக்கி, கதவின் அடியில் கையை விட்டார். வெளியே எடுத்து விரித்தார். மஞ்சள். பளபளவென்று மஞ்சள் பூசின அரிசி. நடுவில் ஒரு ரோஜா இதழ் வேறு.

ராமாத்தாளுக்குக் குரல் திரும்பிவிட்டது. "சித்தெ நல்லாப் பார்த்துக்குங்க சார். ஒலை வெச்சாப் பத்து காக்காய்க்குப் பத்துமுங்களா இது?"

ஆபீசர் சிரிக்கவில்லை. கையில் இருந்ததையே பார்த்துக்கொண்டு நின்றார். கீழே உதறப்போன கை பாதியில் நின்றது.

"எடுத்த அட்சதயக் கீழ போடக்கூடாதும்மா" என்றார். ஜன்னல் பக்கம் வந்து, பெண் மாப்பிள்ளை இரண்டு பேர் தலையிலும் போட்டார். "நல்லா இருங்க." பிறகு மயிலுசாமியின் பக்கம் திரும்பி, "என்ன பாத்துக்கிட்டு நிக்கீரு? அட்டய மாட்டும். பாட்டப் போட்டுக்கிட்டுப் போவும். நேரம் ஆவுதுல்லா?"

அன்றைக்கு மயிலுசாமி ஓட்டினது ஓட்டமல்ல, பறப்பு. ராகு காலம் எங்களுக்குப் பின்னால்தான் ஊருக்குள் வந்தது. பெண் வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனபோது, வாசலில் மயிலுசாமி காரின் பானட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் எந்தக் கதை அப்படி முடிந்திருக்கிறது? மறுநாள் சந்தையில் ஒரே பேச்சு. செக்போஸ்ட் ஆபீசரே அட்சதை போட்ட கார்! ராகு காலத்தை முந்திய கார்! கதவுக்குள் கல்யாணமே குடியிருக்கிற கார்!

தங்கப்பன் கதவைக் கழற்றி அரிசியை வாரிவிட வந்தார். "உள்ளே கிடந்தா ஸ்பீக்கர் கேடாகும். சத்தம் கேட்டியோ, எண்ணெயிலே கடுகு போட்ட மாதிரி."

"கேடானா வேற வாங்கிக்கலாமுங்க" என்றார் மயிலுசாமி. "அரிசி மேல கைய வெச்சீங்க... அப்புறம் நல்லா இருக்காது."

இப்போது மயிலுசாமிக்குத் தேதி கிடைப்பது கஷ்டம். நாதஸ்வரம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், 'சர்ர்' இல்லாவிட்டால் கல்யாண வீட்டுக்காரர்கள் ஏறுவதில்லை. எனக்கு இதில் ஒரு யோசனை. அரைமணி நேரம் நாங்கள் இத்தனை பேர் கதவைச் சுற்றி வேர்த்தோம். விஷயம் தெரிந்தவள் கதவை ஒட்டியே உட்கார்ந்திருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை, அவளும் பேசக்கூடாது. நம் வீடுகளில் இப்படி எத்தனை கதவு காரணம் தெரியாமல் சலசலக்கிறதோ? விஜயா இப்போது நன்றாகவே பேசுகிறாளாம். "செக்போஸ்ட்ல தொறந்த வாயி, இன்னும் மூடலீங்ண்ணா" என்று ராமாத்தாள் சொல்கிறார். சொல்லும்போது முகத்தில் கோபத்தைத் தேடினேன். இல்லை.

ஆமாம், அந்தக் கதவு தட்டுகிற பெரியவர். அவர் மயிலுசாமியின் காருக்கு வந்தார், தட்டினார், கேட்டார். முகம் மலர்ந்தது. ஆனால் அவருடைய தேதியில் மயிலுசாமிக்கு வேறு கல்யாணம். உடனே பக்கத்துக் காரிலிருந்து காளியப்பன் தலையை நீட்டினார்.

"இங்க வாங்க பெரீப்பா, நம்ம கதவுலயும் இருக்குதுங்க. தட்டிப் பாருங்க."

பெரியவர் தட்டினார். சலசலவென்று ஜோராகத்தான் கேட்டது. முன்பணம் கொடுக்க மஞ்சள் பைக்குள் கையை விட்டார்.

மயிலுசாமி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்:

"அது ரேஷன் அரிசிங்க."