காற்றுக்கு உத்தரவு போடுகிறவள்

காற்றுக்கு எந்தப் பக்கம் போகவேண்டும் என்று உத்தரவு போடுகிற ஒரே மனுஷி இந்தப் பூமியில் என் அக்காதான். புயல்கூட அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கரை ஏறும். நம்பாதவர்கள் காலை எட்டே முக்காலுக்கு அவள் வேலை செய்யும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். மூடிய கதவுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மூக்குத் துடைக்கிற மெல்லிய காகிதத்தில் விரல் அகலத்துக்குக் கிழித்த ஒரு துண்டைக் கதவடி இடுக்கில் பிடித்துக்கொண்டிருப்பாள். காகிதத்தின் நுனி உள்பக்கமாக இழுபட வேண்டும். இழுபட்டால் காற்று வெளியிலிருந்து உள்ளே போகிறது, உள்ளே இருப்பது வெளியே வராது என்று அர்த்தம். "ம், உள்ள போறான்" என்பாள். காற்று அவளுக்கு ‘அவன்’. சுவரில் இதற்கென்றே மீட்டர் இருக்கிறது. கேட்டால், "மீட்டர் அதை மாட்டினவன் சொல்லிக்குடுத்ததச் சொல்லும். காகிதத்துக்கு யார் பேச்சையும் கேக்கத் தெரியாது" என்பாள்.

உள்ளே இருப்பது காசநோய்க் கிருமி. யாரோ தும்மிவிட்டுப் போனது இல்லை. குழாய் குழாயாக, வேண்டுமென்றே வளர்ப்பது. புது மருந்துகள் அதைக் கொல்லுமா என்று பார்க்கிற ஆராய்ச்சிக்கூடம் அது. ஆராய்ச்சி செய்கிறவர்கள் வேறு ஆட்கள். அக்கா அந்தக் கூடத்தின் மேலாளர்; குழாய்களைப் பார்த்து முடிவு எழுதுகிறவளும் அவள்தான். யார் உள்ளே போகலாம், எதைப் போட்டுக்கொண்டு போகலாம், எதைக் கழற்றிவிட்டு வெளியே வரலாம் என்பதெல்லாம் அவள் வாயில் இருக்கிறது. நானோ பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். நான் சொன்னால் குழாயில் தண்ணீர்கூட ஒழுங்காக வராது. அவள் சொன்னால் கூடத்தில் வேலை செய்கிற பதினோரு பேரும் குளித்துவிட்டுத்தான் வெளியே வருகிறார்கள்.

போன வருஷம் ஒரு பேராசிரியர் வந்தார். பெயருக்குப் பின்னால் ரயில் பெட்டி மாதிரி பட்டங்கள். முகத்தில் முப்பது வருஷத் தாடி. முகமூடி ஓரத்தில் மயிரிழை இடம் இருந்தாலும் காற்று நுழையும். ஆகவே தாடியோடு யாரும் உள்ளே போக முடியாது. "நீங்க வரலாம் சார். தாடி மட்டும் வெளிய இருக்கட்டும்" என்றாள். அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. மத்தியானம் திரும்பி வந்தபோது வாசல் காவலாளி அவரிடம், "யாரைப் பார்க்கணும் தம்பி?" என்று கேட்டாராம்.

முகமூடி ஒழுகுகிறதா என்று பார்க்க அவளிடம் ஒரு வித்தை உண்டு. ஆளின் தலைக்குமேல் கூடாரம் மாதிரி ஒன்றைக் கவிழ்த்து, அதற்குள் கசப்புத் தண்ணீரைப் பீய்ச்சுவாள். கசந்தால் முகமூடி சரியில்லை. வேலைக்குப் போகிற அவசரத்தில் எல்லாரும் "கசக்கல மேடம்" என்பார்கள். "வாய் கசக்கலைங்குது, மூக்கு சுருங்குதே. கழட்டு, மறுபடி போடு." அவளிடம் பொய் சொல்வதில் இருக்கிற கஷ்டமே இதுதான். நாம் சொல்வதைக் காதில் வாங்கமாட்டாள். நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஆனால் என் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் அந்தப் பதினோரு பேர் இல்லை. கிருமிகள். அதுகளைப் போல சோம்பேறிப் பிறவி கிடையாது. மற்ற கிருமிகள் இருபது நிமிஷத்தில் ஒன்று இரண்டாகிவிடுமாம். இதற்கு ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். வளரவே இல்லை என்று உறுதியாகச் சொல்ல எட்டு வாரம் காத்திருக்க வேண்டும். அதுவரை இதமான சூட்டில் படுக்கை. சாப்பாடு முட்டை. சத்தியமாக! கோழிமுட்டையை உடைத்து அடித்து, பச்சைச் சாயம் கலந்து, சாய்த்து வைத்த குழாயில் வேகவைத்து உறையவைக்கிறார்கள். வீட்டில் நான் முட்டை கேட்டால், "கடைக்குப் போக நேரமில்லடி, ரொட்டி இருக்கு பாரு." அதுகள் குழாய்க்குள் ரொட்டித்தூள் மாதிரி முளைத்துவிட்டால் போதும், செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து சொல்வாள்: "நாலாம் நம்பர் இன்னிக்குத் தலை தூக்கிட்டான்டி!" கிருமிக்கு எட்டு வாரம் பொறுக்கிற இதே அக்காதான், ஒரு கணக்குக்கு நான் எட்டு நிமிஷம் யோசித்தேன் என்று பென்சிலைப் பிடுங்கியவள்.

ஆகவே இரும ஆரம்பித்தேன். பொய் இருமல். அவள் கணினியைத் திறக்கிற சமயம் பார்த்து, நீளமாக இரண்டு, குட்டையாக ஒன்று. அம்பு மாதிரி வந்துவிடுவாள். முதுகில் காதை வைத்து, "மூச்சு விடாம இருபது வரைக்கும் எண்ணு" என்பாள். நான் பதினெட்டில் வேண்டுமென்றே மாட்டிக்கொண்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவேன். அப்படி ஓர் ஐந்து நிமிஷம் கிடைக்கும். மூன்றாவது தடவை பிடித்துவிட்டாள். "ஏய் வாலு, நிஜமா இருமுறவ யார் மூஞ்சியையும் பார்க்கமாட்டா. திரும்பிக்குவா. நீ என் மூஞ்சியப் பார்த்துப் பார்த்து இருமுற."

கூடத்தில் ஒரு சட்டம் உண்டு. அங்கே வேலை செய்கிறவருக்கோ அவர் வீட்டில் யாருக்கோ இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், கிருமி வெளியே போனதா இல்லையா என்று தெரிகிறவரை கூடத்தைப் பூட்ட வேண்டும். பாதி வளர்ந்த குழாய்களையெல்லாம் நீராவியில் அவித்துவிட வேண்டும். சட்டத்தை எழுதியது அக்கா. போன மழைக்காலத்தில், அங்கே காற்றாடி இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறவரின் மனைவி இருமினார். பூட்டினார்கள், அவித்தார்கள். கடைசியில் பார்த்தால் பழைய மெத்தைத் தூசு. மூன்று வாரம் அக்கா வீட்டில் இருந்தாள். நான் ஆசைப்பட்டது அதுதானே? கூண்டில் அடைத்த பூனை மாதிரி சுற்றிவந்தாள். எல்லாக் கதவுக்கும் எண்ணெய் விட்டாள். ஒரு மாலை, டீயைக் கையில் வைத்து ஆறவிட்டுக்கொண்டே, "நாப்பது நாள் புள்ளைங்கடி. அவிச்சுட்டேன்" என்றாள். அவள் மூக்கு சுருங்கியது. அதற்குப் பிறகு நான் பொய்யாக இருமவில்லை.

பொய்க்கு வேலையும் இல்லாமல் போயிற்று. நிஜ இருமல் வந்துவிட்டது. போன வியாழக்கிழமையோடு பத்தொன்பது நாள்.

அக்காவோடு சண்டை என்று ஒரு நாடகம் போட்டு, தட்டு, டம்ளர், படுக்கை எல்லாவற்றையும் தனியாக்கிக்கொண்டேன். இரண்டு நாள் "என்னடி கோபம்?" என்று கேட்டாள். மூன்றாம் நாள், "சரி, ஆறினதும் சொல்லு" என்று விட்டுவிட்டாள். அடுத்த அறையில் ஜன்னலைத் திறந்துபோட்டு, தலையணையை வாயில் அமுக்கி இருமினேன். உள்ளே இருந்த குழாய்களுக்கு ஏழு வாரம் முடிந்திருந்தது. இன்னும் ஒரே ஒரு வாரம். அவள் முடிவை எழுதி முடிக்கட்டும், அப்புறம் உலகத்துக்கே கேட்கிற மாதிரி இருமிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். நான் கணக்கில் எப்படி என்று முன்பே சொன்னேன்.

வியாழக்கிழமை நான் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற நாள். தாழ்வாரத்தில் இரட்டைக் கண்ணாடி போட்ட ஒரு ஜன்னல் இருக்கிறது. உள்ளே போன காகிதம் அவியாமல் வெளியே வரக்கூடாது. அதனால் உள்ளே எழுதியதை அக்கா கண்ணாடியில் ஒட்டிப் பிடிப்பாள், வெளியே எழுத்தர் பார்த்து எழுதிக்கொள்வார். அன்றைக்கு எழுத்தர் டீ குடிக்கப் போயிருந்தார். உள்ளே அக்கா, வெள்ளை அங்கியும் முகமூடியுமாக, உடன் வேலை செய்யும் பெண்ணோடு குழாய்த் தட்டின் முன்னால் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு குழாயாக எடுத்து விளக்குக்கு நேரே தூக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என்னை என்றைக்காவது இப்படித் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறாளா என்று நினைத்தேன்.

அந்த நினைப்பு முடிவதற்குள் இருமல் வந்துவிட்டது. சுவர்ப் பக்கம் திரும்பி முழங்கைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அடக்க அடக்க வந்தது. பரவாயில்லை, இரட்டைக் கண்ணாடி, உள்ளே இயந்திர இரைச்சல், இடி விழுந்தாலும் கேட்காது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன்.

அக்கா எப்போது திரும்பிப் பார்த்தாளோ, கண்ணாடியில் காகிதம் இருந்தது. "எத்தனை நாளா?"

பல்லைக் காட்டினேன். தொண்டையைப் பிடித்து, கண்ணை உருட்டி, ‘சும்மா, நடிப்பு’ என்று கையை ஆட்டினேன். காகிதம் அசையவில்லை. அதற்கு மேலே அவள் கண் என் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. பத்து விரலையும் காட்டினேன். காகிதம் இறங்கவில்லை. மறுபடி ஒன்பது காட்டினேன்.

இறக்கினாள். திரும்பி அந்தப் பெண்ணிடம் ஏதோ சொன்னாள். அந்தப் பெண் தட்டைக் காட்டி, ஒரு விரலை உயர்த்தினாள். ஒரு வாரம்தானே என்று. அக்கா அதைப் பார்க்கவில்லை. அடுத்துப் பார்ப்பதற்காக எடுத்து வைத்திருந்த குழாயை விளக்குக்குத் தூக்காமலே தட்டில் திருப்பி வைத்தாள். காகிதத்தின் பின்பக்கம் ஒரே ஒரு வார்த்தை எழுதிக் கண்ணாடியில் வைத்தாள். "நில்லு."

அங்கே உள்ளே யாரும் ஓடக்கூடாது. அதுவும் அவள் எழுதிய சட்டம்தான். அவள் ஓடவில்லை. என்னைப் பார்த்தபடியே இடது கையுறையைக் கழற்ற ஆரம்பித்தாள்.