மிதியடிக்கு அடியில் ஒரு பாஸ்வேர்ட்

என் வீட்டுக்காரர் பூட்டு ரிப்பேர்காரர். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே கடை. ஒருவர் உள்ளே வந்தால் இன்னொருவர் வெளியே போக வேண்டும், அவ்வளவுதான் இடம். சாவியைத் தொலைத்துவிட்டு வருகிறவர்களுக்கு வேலையோடு திட்டும் இலவசம். அதிலும், மிதியடிக்கு அடியில் சாவியை வைத்துவிட்டுப் போனேன் என்று யாராவது சொன்னால் போதும், "அதுக்குக் கதவத் தொறந்தே போட்டுட்டுப் போயிருக்கலாமே!" என்று குதிப்பார். ஆனால் தொழில் மரியாதை தெரிந்தவர். நம்பர் பூட்டைச் சரிசெய்து கொடுத்தால், உடையவர் புது நம்பர் வைக்கும்போது சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். "பரவாயில்ல, பாருங்க" என்றாலும் திரும்ப மாட்டார்.

இப்பேர்ப்பட்டவருக்கு வீட்டில் ஒரு தலைவலி, எங்கள் மகள். ஏழாவது படிக்கிறாள். டேப்லெட்டைக் கையில் எடுத்துவிட்டால், சாப்பிடக் கூப்பிடுவதுகூடக் காதில் விழாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர் வைஃபை பெட்டியோடு மல்லுக்கட்டி, எட்டு மணிக்கு மேல் அவளுக்கு மட்டும் நெட் வராதபடி செய்துவிட்டார். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நெட் நின்றதும் அறையிலிருந்து ஓடி வந்தாள். "நான்தான் பூட்டினேன்" என்றார், என்னவோ சாதித்துவிட்ட மிடுக்கோடு.

அன்றோடு அவள் அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். பள்ளிக்கூடத்தில் யார் யாரைக் கிள்ளினார்கள் என்பதுவரை அப்பாவிடம் ஒப்பிக்கிறவள், இப்போது கேட்டால் "ம்", கேட்காவிட்டால் அதுவும் இல்லை. மனுஷர் ஆடிப்போய்விட்டார். கடையிலிருந்து வந்ததும் அவள் அறைப் பக்கம் நடப்பார், தண்ணீர் குடிப்பார், மறுபடியும் நடப்பார்.

"இனிமே எங்கிட்டப் பேசவே மாட்டாளா?" என்று என்னிடம் கேட்டார். எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"நீங்களே போய்ப் பேசுங்களேன்."

"என்னன்னு பேசுறது?"

ஒரு சாயங்காலம் அவளே வந்தாள். கையில் வைஃபை பெட்டி, ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவர் முன்னால் கவிழ்த்து வைத்தாள். அடியில் ஒரு ஸ்டிக்கர், அதில் பெட்டியின் செட்டிங்ஸைத் திறக்க அதோடு வந்த பாஸ்வேர்ட். இவர் அதை மாற்றவே இல்லை.

"சாவிய மிதியடிக்கு அடியிலயே வெச்சிருக்கீங்கப்பா" என்றாள்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இவர் சிரிக்கவில்லை. "தொறந்தியாம்மா?"

"நேத்து தொறந்தேன். அப்புறம் தினமும் உங்ககிட்ட மறைக்கணுமேன்னு தோணுச்சு. பிடிக்கல, மறுபடி பூட்டிட்டேன்." தொங்கிய ஒயரை விரலில் சுற்றினாள். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் பூட்டியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும்மா. தப்புதான்" என்றார் முகத்தில் அசடு வழிய. பெட்டியை அதன் இடத்தில் மாட்டினார். தன் போனில் பெட்டியின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து அவளிடம் நீட்டினார். "புது பாஸ்வேர்ட நீயே போடு. எத்தன மணிக்குப் பூட்டணும்னும் நீயே வை." சொல்லிவிட்டுப் போய், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"ஏங்க, சின்னப் பிள்ளகிட்டப் போயி…" என்று ஆரம்பித்தேன். திரும்பாமலே கையை ஆட்டி என்னைச் சும்மா இருக்கச் சொன்னார்.

என்ன பாஸ்வேர்ட் போட்டாள் என்று இன்றுவரை எங்கள் இருவருக்கும் தெரியாது. எட்டரை ஆனால் நெட் நிற்கிறது. அவளுக்கு மட்டுமில்லை, வீட்டுக்கே. என் சீரியல் தினமும் பாதியில் தொங்குகிறது. யாரிடம் போய் முறையிடுவது? அதற்குள் அவள் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இன்றைக்கு யார் யாரைக் கிள்ளினார்கள் என்று ஆரம்பித்துவிடுகிறாள்.