கொண்டைக்கடலைக்கு ஒரு கணக்கு

இணையத்தில் விளம்பரம் போடுகிற கடைக்காரர்களுக்குக் கணக்குப் போட்டுத் தருவது என் பிழைப்பு. பார்க்கிறவர்களில் எத்தனை பேர் வாங்க வருவார்கள், அதற்கு எவ்வளவு சரக்கு வைக்கலாம், மிஞ்சினால் என்ன நஷ்டம், போதாவிட்டால் என்ன நஷ்டம் என்றெல்லாம் சொல்வேன். என் பேச்சைக் கேட்டவர்களில் பலர் இன்னும் கடை நடத்துகிறார்கள்.

மயிலாப்பூருக்குக் குடிவந்து நாங்கள் வைத்த முதல் கொலு அது. கொலு பார்க்க என் அக்கா வருவதாகச் சொல்லியிருந்தாள். எங்கள் கல்யாணத்தில் அவள் இலைக்கு இரண்டாவது அப்பளம் வரவில்லை. அன்றிலிருந்து என் மனைவியின் பிறந்த வீட்டைப் பற்றி அவளுக்கு ஒரே அபிப்பிராயம்: "அவாத்துல எல்லாம் அளவாத்தான்." இந்தக் கொலுவோடு அந்தப் பேச்சுக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட வேண்டும் என்று என் மனைவி கங்கணம் கட்டிக்கொண்டிருந்தாள்.

முதல் நாள் சுண்டலுக்குக் கொண்டைக்கடலை ஊறப்போடப் போனவளை நான் தடுத்தேன். குடியிருப்புப் பெண்களின் வாட்ஸப் குழுவுக்கு அவள் அனுப்பியிருந்த அழைப்பை வாங்கிப் பார்த்தேன். அழைப்பும் ஒரு விளம்பரம்தானே? பார்த்தவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர் வந்தாலே எங்கள் ஆபீசில் கேக் வெட்டுவோம். போனால் போகிறது என்று பத்துக்கு மூன்றாக வைத்தேன். மிஞ்சினால் சுண்டல் ஊசிப்போகும், அது நஷ்டம். போதாவிட்டால் வரும் நஷ்டத்துக்கு என்ன மதிப்புப் போடுவதென்று தெரியவில்லை. தெரியாததைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்வது எங்கள் தொழில் தர்மம்.

"வெத்தல பாக்குக்குக் கூப்ட்டா யாராவது வராம இருப்பாளா?" என்றாள்.

"உணர்ச்சிவசப்படாதே. இது டேட்டா."

பாதிக்கு மேல் கடலையை டப்பாவிலேயே திரும்பக் கொட்டினாள்.

எல்லோரும் வந்தார்கள். அழைப்பே போகாத நாத்தனார், ஓரகத்திகளையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பாட்டுப் பாடியவர்கள் இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார்கள். "ஆத்துல அவருக்கும் கொஞ்சம்" என்று பொட்டலம் கட்டிக்கொண்டார்கள். அக்கா வந்தபோது பாத்திரத்தில் கறிவேப்பிலைதான் மிச்சம்.

வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ரவிக்கைத் துணி எல்லாம் இருந்த தட்டில் அக்கா சுண்டலைத் தேடினாள். "பரவால்லடி. பொறந்தாத்துப் பழக்கம் எங்க போகும்?"

என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் நெறையத்தான் போட்டேன் அக்கா. இவர்தான் கணக்குப் பார்த்துக் கொறைச்சார்."

அக்கா சிரித்தாள். "என் தம்பியா? பெரிய பெரிய கம்பெனிக்காராள்லாம் இவன் கணக்கக் கேட்டுண்டு நடக்கறா. உன் கொண்டக்கடலைக்கா தப்பாப் போட்டுடுவான்?"

"இல்லக்கா, நான்தான்" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் முகத்தில் ஒரு சிரிப்பு வந்துவிட்டது. அதை என் மனைவி பார்த்துவிட்டாள்.