செவலைக்குக் கட்டிய கொடி

நிலக்கரிச் சுரங்கத்தில் தோண்டிய மண்ணைக் கொட்டிக் கொட்டி உயர்ந்த மேட்டை வடக்குத்து ஊர்க்காரர்கள் மலை என்றுதான் சொல்வார்கள். அதன் அடிவாரத்தில் டெய்சிக்கும் அவள் கணவன் பெனடிக்டுக்கும் முக்கால் ஏக்கர் கத்தரிக் கொல்லை. பெனடிக்ட் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. டெய்சி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் வீட்டு வேலை செய்தாள். எங்கள் வீட்டிலும்தான்.

2021 நவம்பர் மழையில் சரிவு மண் கரைந்து வந்து கொல்லையை மூடியது. மழை விட்டதும் டெய்சி மேலே ஏறிப் பார்த்தாள். மண்ணைப் பிடித்து நிறுத்த நட்டிருந்த வாகைக் கன்றுகள் மொட்டையாக நின்றன. ஊர் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றின் நடுவே, வாயில் ஒரு கொழுந்தோடு, அவளுடைய ஆடு செவலை.

மறுநாளே எதிர்வீட்டுக் கண்ணகியிடம் போனாள். தெருவில் அதிக ஆடு அவளிடம்தான்.

"கன்னுங்க ஆடு எட்டாத ஒயரம் வளர்ற வரைக்கும் கட்டிப் போட்டுத் தீனி குடுப்போங்க்கா."

"சேறு ஒன் கொல்லைக்கு, பட்டினி என் ஆட்டுக்கா? மொதல்ல ஒன் வூட்டு ஆட்டக் கட்டு. அது நல்லா இருந்தா நானும் கட்றேன். நான் கட்டுனா தெருவே கட்டும்."

செவலை அப்போது சினை.

டெய்சி அவளைக் கொட்டகையில் கட்டி, வரப்பு அகத்தியை ஒடித்து வந்து முன்னால் போட்டாள். செவலை முகர்ந்தாள், மிதித்தாள், அதன் மேலேயே படுத்துக்கொண்டாள். அடுத்த நாளும் அப்படியே.

"இன்னா டெய்சி, ஆட்டுக்கு மெத்த போட்டுக்கினு இருக்கியா?" என்றாள் கண்ணகி.

பெனடிக்டுக்குப் பொறுக்கவில்லை. "வயித்துல குட்டி இருக்கு. பாவம், அவுத்து வுட்டுடு."

"நாளைக்கும் தின்னலன்னா அவுத்துடறேங்க" என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. செவலை மலையேறினால் அந்தத் தெருவில் இனி எந்த ஆடும் கட்டுக்கு வராது.

மூன்றாம் நாள் எங்கள் வீட்டில் கொடுத்த காபியை அப்படியே வைத்துவிட்டாள். என் மனைவி கேட்டதற்கு, "செவலை இன்னும் வாயே வைக்கலைங்கம்மா" என்றாள். அன்று சீக்கிரம் அனுப்பிவிட்டோம்.

வீட்டுக்குப் போனால், கொட்டகை ஓரத்துக் கொடியில் பெனடிக்டின் வேலைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. செவலை பின்னங்கால்களில் எழுந்து நின்று, கழுத்தை நீட்டி, சட்டைக் கையை மென்றுகொண்டிருந்தாள். குச்சியோடு ஓடிய டெய்சி பாதியில் நின்றாள். மலையிலும் செவலை அண்ணாந்துதான் மேய்வாள். காலில் மிதிபட்ட தழையை அவள் தின்று டெய்சி பார்த்ததில்லை.

சட்டையை உருவிவிட்டு, அகத்திக் கொத்துகளைத் தலைகீழாகக் கொடியில் கட்டினாள். செவலை மறுபடி எழுந்தாள். ஒரு கொத்து, இன்னொரு கொத்து, பிறகு காம்புகூட மிச்சமில்லை.

கண்ணகி எட்டிப் பார்த்தாள். "தோரணமெல்லாம் தொங்குது, வூட்ல இன்னா விசேஷம்?"

"செவலைக்கு வளைகாப்புக்கா."

ஷிஃப்ட் முடிந்து வந்த பெனடிக்ட் சட்டையைத் தூக்கிப் பிடித்தான். "ஒரு கை எங்க? கான்ட்ராக்டர் கேட்டா இன்னா சொல்றது?"

"மசக்கைன்னு சொல்லுங்க."

தை மாதம் இரண்டு குட்டிகள், இரண்டும் கிடாய். குட்டிகளைத் தூக்கிக் கனம் பார்த்த கண்ணகி அன்று மாலையே கயிற்றோடு வந்து, "எந்த ஒயரத்துல கட்டணும்?" என்று கேட்டாள். டெய்சி செவலையின் முன்னங்கால்களைத் தூக்கி நிறுத்தி அளவு காட்டினாள். தெருவே கட்டியது என்று சொல்ல முடியாது. இரண்டு வீட்டார் கடைசிவரை கட்டவில்லை. ஆனாலும் வாகை தழைத்தது. 2024 மழையில் சேறு வரப்போடு நின்றது.

அந்த மழைக்குப் பிறகு ஒரு காலையில் டெய்சி செவலையைக் கயிற்றில் பிடித்து மலைக்கு அழைத்துப் போனாள். கண்ணகியும் நானும் கூடப் போனோம். செவலைக்கு வயதாகிவிட்டது, நின்று நின்றுதான் ஏறினாள். ஒரு வாகையைக் கண்டதும் முன்னங்கால்களை மரத்தில் ஊன்றி எழுந்தாள். எட்டவில்லை. திரும்பி டெய்சியைப் பார்த்தாள்.

டெய்சி ஒரு கிளையை வளைத்து அவள் வாயருகே கொண்டுவந்தாள்.

"ஊருக்கெல்லாம் சட்டம் போட்டவ நீதான?" என்றாள் கண்ணகி.

"ஒரு வாய்தாங்க்கா."

செவலை தின்று முடிக்கும் வரை பிடித்திருந்து, பிறகு கிளை ஒடியாமல் மெல்ல மேலே விட்டாள்.