கடல் தெரியாத அறையும் ஆனந்தபாய் அக்காவின் ஜெபமும்

ஆனந்தபாய் அக்கா குன்னத்துகாலுக்கு மருமகளாக வந்து முப்பத்தைந்து வருடம் ஆகிறது. பிறந்தது வெள்ளறடையில். பதினாறு வயதிலேயே அண்டி ஆபீசுக்குப் போகத் தொடங்கிவிட்டாள். முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். ஆபீஸ் என்று பெயர் இருக்கிறதே தவிர நாற்காலி ஒன்றும் கிடையாது. இருபத்தெட்டு வருடம் தரையில் குந்தியிருந்து உடைத்ததில் விரல் நுனியெல்லாம் கறுத்துப்போனது. புருஷன் ரெத்தினதாஸ் அண்ணன் அடுத்தவர் தோட்டத்தில் ரப்பர் வெட்டியவர். ஒரே மகன் வினீத் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்.

நான் பக்கத்து வீட்டு சதாசிவன். இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்புயரத்தில் ஒரு மதில். அவர்கள் சபைக்குப் போகிறவர்கள், நான் அம்பலத்துக்குப் போகிறவன். அதனால் இந்த மதிலுக்கு ஒரு குறையும் வந்ததில்லை. என்னிடம் பழைய மாருதி ஒன்று வாடகைக்கு ஓடுகிறது. அக்கா எங்கே போவதென்றாலும் அதில்தான் போவாள், போவது பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்கு.

போன மாதம் அவர்களுடைய கல்யாண நாளுக்கு வினீத் ஒரு காரியம் செய்தான். கடலோரத்தில் இருக்கிற பெரிய ரிசார்ட் ஒன்றில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இரண்டு நாளைக்கு அறை போட்டான். பெயர் வேண்டாம், எனக்கு வம்பு ஆகாது. கட்டிலில் படுத்தபடியே கடல் பார்க்கலாம் என்று அதன் படத்தை அனுப்பியிருந்தான். வாடகை எவ்வளவு என்று அவன் வாயைத் திறக்கவில்லை. நான் ஃபோனில் தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன், நானும் திறக்கவில்லை. தெரிந்திருந்தால் அக்கா காரிலேயே ஏறியிருக்க மாட்டாள்.

திங்கட்கிழமை கொண்டுபோய் விட்டேன், புதன்கிழமை போய் அழைத்து வந்தேன். வரும் வழியில் பேச்சை நான்தான் தொடங்கினேன்.

"எப்பிடி இருந்துதுக்கா?" என்றேன்.

"கொள்ளாம் சதாசிவா. நல்லா இருந்துது."

ரெத்தினதாஸ் அண்ணன் பாறசாலை தாண்டும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை பெரிய ஓட்டலில் இருந்துவிட்டு வருகிறவர்கள் ஒரு வார்த்தை பெருமை பேசாதது எனக்கு எரிச்சலாக இருந்தது. நானாக இருந்தால் காலையில் தின்ற தோசையின் எண்ணிக்கை முதற்கொண்டு சொல்லியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டில் பெண்கள் ஜெபக்கூட்டம். வாரம் ஒரு வீட்டில் நடக்கும், அந்த வாரம் அவள் முறை. வினீத்துக்கு வெள்ளிக்கிழமை லீவு, ஆகையால் வீட்டில் ஜெபம் என்றால் அவனும் வீடியோவில் சேருவான். ஃபோனை ஜன்னல் கம்பியில் சாய்த்து நிறுத்துவது எப்போதும் என் வேலை. அன்றைக்கும் நான்தான் நிறுத்தினேன். இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

அக்கா ஜெபித்தால் கடவுளுக்கு வழி தவறவே வாய்ப்பில்லை. ஆஸ்பத்திரியில் கிடக்கிறவருக்காக ஜெபிக்கிறாள் என்றால் ஆள் பெயர், வீட்டுப் பெயர், வார்டு, கட்டில் நம்பர் எல்லாம் சொல்லிவிடுவாள். பக்கத்துக் கட்டில்காரன் தவறுதலாகக் குணமாகிவிடுவானோ என்று பயப்படுகிறாள் என நான் கேலி செய்ததுண்டு. அந்தப் பெண்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்றும் உண்டு. ஜெபத்தில் கேட்டதை ஜெபத்தோடு விட்டுவிட வேண்டும், முற்றத்தில் இறங்கிப் பேசக்கூடாது. குடிகாரப் புருஷன், ஓடிப்போன மகள், எல்லாம் அங்கே கொட்டப்படும். எதுவும் வெளியே வந்து நான் கேட்டதில்லை. மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டதைச் சேர்க்காதீர்கள்.

பாட்டும் வாசிப்பும் முடிந்து அக்கா கண்ணை மூடினாள். கண்ணை மூடினால் ஃபோனில் மகன் இருப்பது அவளுக்கு நினைவில் நிற்காது.

"எனக்க கர்த்தாவே, நாங்க அந்த ஓட்டல்ல இருநூத்திப் பதினாலாம் நம்பர் ரூமுல கெடந்தது உமக்குத் தெரியும். போன அண்ணைக்கு மூணு மணிக்கூறு வெளியில இருத்தினாவ. கடல் பாக்கிய ரூமுண்ணு நம்பி எனக்க மோன் எடுத்தான். ஜன்னலத் தொறந்தா நீலத் தகரமும் ஜெனரேட்டருமாக்கும். கசேரியில ஏறி நிண்ணா தகரத்துக்க மேல கொஞ்சம் கடல் தெரிஞ்சுது, அதுக்கும் உமக்கு ஸ்தோத்திரம். ஏசியில இருந்து கட்டில்ல தண்ணி சொட்டிச்சு. குளிமுறியில நிக்க முடியல்ல, அப்பிடி நாத்தம். எனக்க மோன் வீடியோவுல கேட்டப்போ நான் கீழ பூச்சட்டிக்க பக்கம் நிண்ணுகிட்டு நல்லா இரிக்கு மக்காண்ணு பொய் பறஞ்சேன். மன்னியும் ஆண்டவரே."

மதில் மேல் காய வைத்த மிளகாயைத் திருப்பிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. அக்கா நிறுத்தவில்லை.

"அங்க ரிசப்ஷன்ல டீனாண்ணு ஒரு பிள்ளை உண்டு. பொழியூர் அகஸ்டினுக்க மக. அவதான் ரெண்டு நாளும் பக்கெட்டும் துண்டும் கொண்டுவந்து தரையத் தொடச்சா. இந்த ரூமக் குடுக்காதீங்கண்ணு மேல மூணு தடவ பறஞ்சாளாம், கேக்கல்ல. ஆளு வந்து பராதி, புகாருண்ணு சொன்னா அது அவளுக்க பேருலதான் ஏறுமாம். ரெண்டு ஏறியாச்சு. மூணாவது ஏறினா வேலை போயிருமாம். அங்கிள், அம்மா, பராதி எழுதாதீங்கண்ணு எனக்க கையப் பிடிச்சுக் கரஞ்சுது அந்தப் பிள்ளை. மனுசருகிட்ட ஒருத்தருகிட்டயும் சொல்லமாட்டேன் மக்காண்ணு வாக்குக் குடுத்துட்டு வந்தேன். அவ வேலைய நீரு காக்கணும் கர்த்தாவே."

பெண்கள் எல்லாரும் ஆமென் சொன்னார்கள். எனக்கும் சொல்லத் தோன்றியது.

கூட்டம் கலைந்து அக்கா கட்டன் சாயா போட அடுக்களைக்குப் போனதும் ஃபோனை எடுக்கப் போனேன். வினீத் இன்னும் அதில் இருந்தான். முகம் சிவந்திருந்தது. ஊரார் வீட்டு ஏசியெல்லாம் சரிசெய்கிறவனுக்குத் தன் அம்மா சொட்டுகிற ஏசிக்கு அடியில் படுத்தாள் என்று கேட்டால் எப்படி இருக்கும்?

"மாமா, அம்மைகிட்ட ஒண்ணும் பறயாண்டாம். நான் பாத்துக்கிடுதேன்."

"விடாதே மக்கா. நல்லாக் குடு" என்றேன்.

அப்படித்தான் சொன்னேன். அந்தப் பெண்ணின் வேலை, அக்கா கொடுத்த வாக்கு, ஒன்றும் அந்த நேரத்தில் என் மண்டையில் ஏறவில்லை. கோபம் வந்தால் எனக்குக் காது கேட்காது.

ஆறு நாள் கழித்து வினீத் என் ஃபோனுக்கு ஒரு கடிதத்தை அனுப்பி, நியாயம் கிடைத்துவிட்டது, அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள் என்று எழுதியிருந்தான். ரிசார்ட்டின் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த இங்கிலீஷ் கடிதம். மதிலைத் தாண்டிப் போய் அவர்கள் முன்னால் நின்று, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். தங்கள் பெற்றோருக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம். அறையில் பழுது இருப்பது தெரிந்திருந்தும், விருந்தினர் புகார் செய்யாமல் தடுத்த வரவேற்பு ஊழியர் பணியிலிருந்து நீக்கப்பட்டார். தங்கள் பெற்றோர் மீண்டும் இரண்டு நாள் கட்டணமில்லாமல் எங்களுடன் தங்க வேண்டுகிறோம்.

அக்காவுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது.

"தடுத்த ஊழியருண்ணா டீனாவா?"

"ஆமாக்கா."

"அவுங்களுக்கு யாரு பறஞ்சா?"

நான் சொல்ல வேண்டியதாயிற்று. ரெத்தினதாஸ் அண்ணன் உடனே வினீத்தை அழைத்து வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினார். பாவம், அவன் திக்கித் திணறினான். ஓட்டல்காரனுக்குப் பழுது முன்பே தெரியும் என்பதற்கு ஆதாரமாகத்தான் அவள் பெயரை எழுதினானாம். அவளுக்கு நல்லது செய்கிறோம் என்றுகூட நினைத்தானாம். அன்றைக்கே இணையத்தில் எழுதியதை அழித்தான், புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்று இன்னொரு கடிதமும் போட்டான். அதற்குப் பதிலே வரவில்லை.

அக்கா அழவில்லை. "சதாசிவா, வண்டிய எடு" என்றாள்.

ரிசார்ட்டில் எங்களை உட்காரவைத்து இளநீர் கொடுத்தார்கள். மேனேஜர் வந்தார், கைகூப்பினார், அக்காவை மேடம் என்றார். முதல்தடவை மூன்று மணி நேரம் வெளியில் காத்திருந்தவளை இந்தத் தடவை மூன்று நிமிடம்கூடக் காக்க வைக்கவில்லை. புகார் கொடுத்தவர்களுக்குத்தான் அங்கே எத்தனை மரியாதை!

"சாறே, அந்தப் பிள்ளை ஒரு தப்பும் செய்யல்ல. ஏசி சொட்டினதுக்கு அவ என்ன செய்வா? அவளத் திரும்ப எடுக்கணும்" என்றாள் அக்கா.

"மேடத்தின் நல்ல மனசு. ஆனால் நடவடிக்கை மேலே இருந்து வந்தது. என் கையில் இல்லை."

"நாங்க பராதி எழுதல்லியே."

"உங்கள் மகன் எழுதியிருக்கிறார், மேடம். நீங்கள் சொன்னதாகத்தானே எழுதியிருக்கிறார்?"

"நான் அவன்கிட்ட பறயல்ல சாறே. ஜெபத்திலதான் பறஞ்சேன். ஆண்டவருகிட்ட."

மேனேஜர் ரெத்தினதாஸ் அண்ணனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்த மனிதனுக்கு விளங்கவே இல்லை. இலவசமாகத் தங்க எந்தத் தேதி வசதிப்படும் என்று கேட்டார். இளநீரை அவர் தலையில் ஊற்றலாமா என்று யோசித்தேன். ஊற்றி என்ன ஆகப்போகிறது? அவர் பெயரிலும் எங்கோ ஒரு கணக்கு ஏறிக்கொண்டிருக்கும். அக்கா எழுந்துகொண்டாள். வாசலில் நின்ற காவலாளி டீனாவின் வீட்டுக்கு வழி சொன்னான்.

பொழியூரில் அந்த வீடு கடலுக்குப் பக்கம் என்று சொன்னால் போதாது. பின்வாசல் படியைப் போன மழைக்குக் கடல் கொண்டுபோயிருந்தது. பின்கதவைத் திறந்தால் கருங்கல்லும் அதில் மோதுகிற தண்ணீரும். கட்டிலில் படுத்தபடியே பார்க்கலாம். டீனாவின் அம்மா பிரிஜித் மீன் விற்கப் போகாமல் வீட்டில் இருந்தாள். நாங்கள் யாரென்று சொன்னதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"இருநூத்திப் பதினாலா? டீனா பறஞ்சிருக்கா. எனக்க மகளத் தேடி வந்தியளே, சந்தோஷம். இரியுங்க, இரியுங்க."

டீனா உள்ளேயிருந்து வந்தாள். எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். அவள் முன்னால் வினீத்தின் புகார்க் கடிதத்தைப் போட்டுத்தானே வேலையை விட்டு அனுப்பியிருப்பார்கள். எழுதியது யார் மகன் என்று அவளுக்குத் தெரியும். அது அவள் கண்ணில் இருந்தது. அம்மாவுக்கு மட்டும் அவள் சொல்லியிருக்கவில்லை.

"சாயா எடுக்கேன்" என்று சொல்லித் திரும்பிவிட்டாள்.

பிரிஜித் தன் சங்கடத்தைச் சொல்லத் தொடங்கினாள். அகஸ்டினுக்கு இடுப்பில் வலி, முன்னைப்போல் கடலுக்குப் போக முடிவதில்லை. இந்தப் பெண்ணின் வேலையை வைத்துத்தான் தள்ளி ஒரு வீடு பார்க்கலாம் என்று இருந்தார்கள். இந்த வேலை போனதும் வேறு இரண்டு ஓட்டலில் கேட்டுப் பார்த்தாளாம். அங்கே ஏன் நீக்கினார்கள் என்று முதல் கேள்வியே அதுதானாம்.

"எவனோ எழுதிப் போட்டிருக்கான். எனக்க மக என்ன துரோகம் செய்தா அவனுக்கு? எழுதினவனுக்க கை வெளங்காமப் போவட்டு."

அக்கா சேலைத் தலைப்பை வாயில் அழுத்தினாள். ரெத்தினதாஸ் அண்ணன் தரையைப் பார்த்தார். எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

"பிரிஜித், அத எழுதினது..." என்று அக்கா ஆரம்பித்தாள்.

"அம்மே, மதி, போதும்" என்று சாயாவோடு வந்த டீனா குறுக்கே விழுந்தாள். "யாரு எழுதினா என்ன? விடுங்க. அம்மா, சாயா குடியுங்க."

அக்காவைத்தான் அம்மா என்றாள். ஓட்டலில் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபோது கூப்பிட்ட அதே அம்மா. எங்களைக் காப்பாற்றுகிறாளா, அவள் அம்மாவைக் காப்பாற்றுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கக்கூட வழியில்லாமல், "ஜெபத்தில மட்டும்தான் பறஞ்சேன் மக்கா" என்று டீனாவின் காதில் மட்டும் சொல்லி அக்கா சாயாவை வாங்கிக் குடித்தாள்.

கிளம்பும் நேரத்தில் பிரிஜித் அக்காவின் கறுத்த விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க நல்லா ஜெபிக்கிய ஆளாண்ணு டீனா பறஞ்சா. ரூமுல முட்டுகுத்தி இருந்து ஜெபிச்சியளாமே. நாங்க வேற சபைதான், ஆனாலும் அதுல என்ன இரிக்கு? எனக்க மகளுக்கு ஒரு வேலைக்கு இப்பம் ஒண்ணு ஜெபிச்சுட்டுப் போங்க."

அக்கா என்னைப் பார்த்தாள். பிரிஜித் தலையில் முக்காடு போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். வேறு வழியில்லாமல் அக்காவும் மூடினாள். எனக்க கர்த்தாவே என்று மட்டும் வந்தது.

டீனா பக்கத்தில் வந்து, அவள் அம்மாவுக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னாள்.

"ஜெபிச்சுக்கிடுங்க அம்மா. எனக்க பேரு மட்டும் பறயாண்டாம்."