ஒரே இரத்தம், இரண்டு கணக்கு

எனக்கு எழுபத்தாறு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். ஆறு பேரும் நிமிர்ந்து நிற்கிறார்கள், அதில் எனக்குப் பெருமை. மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் இலக்கம் வாசிப்பேன். சுகர், பிரஷர், கிரியாட்டினின் எல்லாம் தெரியும். இரத்தத்தில் இந்தக் கடைசிச் சாமான் ஏறினால் கிட்னி களைக்கிறது என்று அர்த்தம்.

எங்கள் தமிழ் ஆட்கள் கல்யாண வீட்டில் சந்தித்தாலும் "உங்களுக்கு இப்ப சுகர் எவ்வளவு?" என்றுதான் தொடங்குவார்கள். யாருடைய நோய் வருத்தம் பெரிது என்று ஒரு போட்டியே நடக்கும். நான் அதில் லேசில் தோற்பதில்லை.

இந்த இங்கிலீசு நாட்டில், ஈஸ்ட் ஹாமில் என் பக்கத்து வீட்டுக்காரி கானா நாட்டுக்காரி. அவளுக்கும் என் வயதுதான். 'சிஸ்டர்' என்றுதான் ஒருவரையொருவர் கூப்பிடுவோம். அவளுடைய இங்கிலீசு எனக்கு விளங்கும், என்னுடையது அவளுக்கு விளங்கும். அவள் சொன்னவற்றை இங்கே என் பேச்சிலேயே சொல்கிறேன். அவர்கள் பக்கத்தில் வருத்தத்தை வெளியில் சொல்லமாட்டார்கள். நான் கேட்கும்போதெல்லாம் "கடவுள் காப்பாத்துறார்" என்று வாயை மூடிவிடுவாள்.

ஒரு குளிர்காலம், கிட்னி ஆஸ்பத்திரிக்குப் போகும்படி எனக்குக் கடிதம் வந்தது. கொண்டுபோய் அவளுடைய குசினியில் வைத்து என் நோயின் பெருமையைச் சொன்னேன். அவளுடைய கால் வீங்கியிருந்தது. செருப்புக்குள் அடங்கவில்லை. "உமக்கு எவ்வளவு?" என்று விடாமல் கேட்டேன். சலித்துப்போய்த் தன் இரத்தப் பரிசோதனைக் கடதாசியை மேசையில் போட்டாள்.

கிரியாட்டினின் எனக்கு நூற்றி அறுபது. அவளுக்கும் நூற்றி அறுபது. ஆனால் கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்ற இடத்தில் எனக்கு இருபத்தேழு, அவளுக்கு முப்பத்தொன்று. முப்பதுக்குக் கீழே போனால்தான் ஆஸ்பத்திரி. அவளை அடுத்த வருடம் வரச் சொல்லியிருந்தார்கள்.

டொக்டரிடம் எனக்கிருந்த நேரத்துக்கு அவளையும் இழுத்துக்கொண்டு போனேன். டொக்டர் எங்கள் ஆட்களின் பிள்ளை, இங்கே பிறந்தவர். அவளுக்கும் விளங்கட்டும் என்று இங்கிலீசையும் கலந்தே கேட்டேன்.

"பிள்ளை, ரெண்டு பேருக்கும் வயசு ஒண்டு, இரத்தம் ஒண்டு. என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிறியள். இவவை ஏன் அனுப்பேல்லை?"

"அன்ரி, மற்ற ஆளின்ர விஷயத்தை நான் உங்களோட கதைக்கேலாது."

வாயே திறக்காதவள் அன்றைக்குத் திறந்தாள். "நான்தான் கேக்கிறன். சொல்லுங்கோ."

டொக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி இரண்டு பாஷையிலும் சொன்னார். "கறுப்பு ஆக்களுக்குத் தசை கூட எண்டு ஒரு கணக்கு இருக்கு. தசை கூடினா கிரியாட்டினினும் கூடும். அதால கிட்னியின்ர இலக்கத்தை மெஷின் கொஞ்சம் கூட்டிப் போடும்."

"உந்த மெஷின் இவவைப் பாத்ததோ?"

அவள் கோட்டின் கையைச் சுருட்டினாள். வற்றிய கை. மணிக்கட்டில் கிடந்த காப்பு முழங்கை வரை ஓடியது.

"நானும் கறுப்புத்தானே பிள்ளை. எனக்கு ஏன் கூட்டேல்லை?"

"நீங்கள் ஏசியன், அன்ரி."

எங்களுக்கான நேரம் முடிந்துவிட்டது. வெளியே அடுத்தவர் இருமுவது கேட்டது. மேலிடத்து விதி அப்படி, தன்னால் மாற்ற ஏலாது என்றார் டொக்டர். அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "வா சிஸ்டர், போவம்." நான் கதிரையை இறுகப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தேன்.

"கூட்டாமல் ஒருக்காப் போட்டுப் பாருங்கோ, பிள்ளை. பாத்திட்டு எழும்புறன்."

டொக்டர் என்னை ஒரு தடவை பார்த்தார், அவளுடைய காலை ஒரு தடவை பார்த்தார். பிறகு தட்டினார்.

"இருபத்தேழு" என்றார். குரல் இறங்கிவிட்டது. நாங்கள் இருக்கும்போதே ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்பினார்.

ஆஸ்பத்திரிக்கும் கூடவே போனேன். அங்கிருந்த பெரிய டொக்டர், "கொஞ்சம் முந்தியே வந்திருக்கலாமே" என்றார்.

"கூப்பிட்ட நேரமெல்லாம் வந்தனான்" என்றாள் அவள். "எத்தினை வருஷமா எனக்குக் கூட்டிப் போட்டவை? அதைச் சொல்லுங்கோ."

அவர் கடதாசியைப் புரட்டினார். பஸ்ஸில் வீடு வரும்வரை அவள் யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அந்தக் கூட்டலை நிறுத்திவிட்டார்களாம். நிறுத்தியதை அவளிடம் யாரும் வந்து சொல்லவில்லை. நான் குளிசையோடு சமாளிக்கிறேன். அவளை வான் வந்து இரத்தம் சுத்தம் செய்யும் மெஷினுக்கு ஏற்றிப் போகிறது.

இதை எழுதப் போகிறேன் என்றதும் முறைத்தாள். "என்ர வருத்தத்தை ஊருக்கே சொல்லப் போறியோ?" பிறகு, "சொல்லு. இன்னொருத்திக்கு இப்பிடி நடக்கக்கூடாது. ஆனால் முதல் எனக்கு வாசிச்சுக் காட்ட வேணும்" என்றாள்.

நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். சிஸ்டருக்கு இதை இங்கிலீசில் சொல்லப்போவதும் இவள்தான். வான் வரும் நேரமாகிறது.

எடி பிள்ளை, முதல் எனக்கு ஒருக்கா வாசி, கேப்பம்.