அப்பா பேசிய கிழவி

நேற்று குன்னூர் பேருந்து நிலையத்தில் ஒரு பழைய பஸ் கக்கிய டீசல் புகைக்கு எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொள்ள, நான் மட்டும் ஆசையாக இழுத்து மோந்தேன். எங்கள் எஸ்டேட் ஃபேக்டரியின் இன்ஜின் ரூம் வாசம் அது. இப்போது அந்த இடத்தில் சொகுசு விடுதி நிற்கிறது.

பட்டாளத்திலிருந்து திரும்பிய அப்பாவுக்கு அங்கேதான் வேலை. ஞாயிற்றுக்கிழமை இன்ஜின் நின்றிருக்கும், சூடு மட்டும் மிச்சமிருக்கும். அந்தச் சூட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அப்பாவும் அவருடைய பட்டாளத்துச் சிநேகிதர்கள் இருவரும் டீயை உறிஞ்சியபடி எந்நேரமும் ஒரு கிழவியைப் பற்றியே பேசுவார்கள். கிழவிக்குக் குளிர் ஆகாது, கிழவி மேடேற அழுவாள், தட்டிக்கொடுத்தால்தான் அசைவாள்.

நான் அதை அம்மாவிடம் சொல்லித் தொலைத்தேன். அடுப்பை அப்படியே விட்டுவிட்டு அம்மா இன்ஜின் ரூமுக்கு நடந்தாள்.

"ஏனுங்க, யாருங்க அந்தக் கிழவி?"

அப்பாவுக்குக் காது மந்தம் என்பதால், தொழிலாளர் லைன் வீடுகள் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

சிநேகிதர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"உங்கூட்டுக்காரரு ஓட்டுன டாங்கிங்க அம்மிணி! வெள்ளக்காரன் சண்டைக்குக் கொண்டாந்தது. சண்ட முடிஞ்சும் அவளுக்கு லீவு குடுக்கலீங்க."

அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "அப்பறம் ஏனுங்க அவள உட்டுப்போட்டு வந்தீங்க?"

அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

"அவ சத்தத்துலதான் என் காது போச்சு. காது கேக்கலைன்னு என்னைய ஊட்டுக்கு அனுப்பிப்போட்டாங்க. அவள வெச்சுக்கிட்டாங்க."